அரைமணிக்கு இருபது ரூபாய்

கடையை எபனேசரிடம் விட்டுவிட்டு
மாஹிமில் ஸ்லோ லோக்கல் பிடித்தேன்.
கோரேகாவ் கண்காட்சி அரங்கில்
இரண்டு கம்பெனிக்காரர்களும் ஒரே நாளில்
புதுப்பெட்டி அறிவிக்கிறார்கள்.
நுழைவுச்சீட்டு ஐந்நூறு.
அதாவது இருபத்தைந்து அரைமணி.

என் கணக்கு அப்படித்தான் ஓடும்.
தாராவி தொண்ணூறடி ரோட்டில் ஒரு கோலி,
நாலு டிவி, நாலு பழைய பெட்டி.
அதில் ஒன்றுக்கு நாள் முழுக்க டேபிள் ஃபேன்,
காய்ச்சல்கார வீட்டில் விசிறுவதுபோல.
இன்னொன்றின் ரிமோட்டில்
யாரும் தொடாமலே பொம்மை இடப்பக்கம் நடக்கும்.
பையன்கள் அதற்கும் பழகிவிட்டார்கள்,
வலப்பக்கம் சாய்ந்தே ஆடுகிறார்கள்.

ஆரஞ்சுக்காரன் பதினொன்றுக்கு வந்தான்.
வெள்ளை ஷூ. மேடை முழுக்க இருட்டு.
‘காத்திருந்தது போதும்’ என்றான்.
நான் காத்திருக்கவில்லை, ஆனாலும் கைதட்டினேன்,
சுற்றிலும் தட்டும்போது சும்மா இருக்கக் கூச்சம்.
பெட்டி, சிலேட்டு மாதிரி ஒல்லி.
அதற்கு வாய் இல்லை.
டிஸ்க் கிடையாதாம், ஆட்டமெல்லாம் இனிக் காற்றில் வருமாம்.
எங்கள் சந்துக்குள் காற்றே வராது.

படம் மட்டும், பொய் சொல்லக்கூடாது,
ஆளை அடித்துவிட்டது.
ஒரு கிழட்டு நாய் ஆற்றிலிருந்து ஏறி
உடம்பை உதறியது.
முன்வரிசைக்காரர் ஒருவர் தலையைப் பின்னுக்கு இழுத்தார்.
விலை?
திரையில் ‘விரைவில்’ என்று எழுத்து வந்தது.
பெண் பார்க்க வந்து
சம்பளம் சொல்லாமல் பஜ்ஜி தின்ற மாப்பிள்ளை.

மூன்றரைக்கு ஊதாக்காரி.
நன்றி சொன்னாள். நன்றி சொன்னவர்களுக்கும் நன்றி சொன்னாள்.
ஆட்டங்களில் புதுசு எதுவும் இல்லை,
போன வருஷத்து வாள்,
பிடியில் மட்டும் புதுக் குஞ்சம்.
எனக்குப் பக்கத்து நாற்காலி தூங்கிவிட்டது.
அப்போதுதான் அவள் பையிலிருந்து
பழைய டிஸ்க் ஒன்றை எடுத்தாள்,
சட்டை நுனியில் துடைத்தாள்,
நான் துடைப்பது மாதிரியே, வட்டமாக இல்லாமல்
நடுவிலிருந்து வெளியே,
பெட்டிக்குள் தள்ளினாள்.

ஓடியது.

அரங்கமே எழுந்தது. நானும்.
என்னிடம் முப்பத்தோரு டிஸ்க், பதினாலில் கீறல்.
அத்தனையும் ஒரு நொடியில் மறுபடி சரக்காகிவிட்டது.
‘அறுபத்து நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு’ என்றாள்.
கைதட்டல் தடுக்கி விழுந்து,
மெதுவாக எழுந்து, நொண்டிக்கொண்டே போனது.

கிளம்பும்முன் ஆரஞ்சு ஸ்டாலில் ஐம்பது நிமிஷம் வரிசை.
புது ரிமோட், மழையைக் கைக்குள் உணரலாமாம்.
பிடித்தேன். உள்ளங்கையில் நூறு எறும்பு,
பிறகு ஆயிரம்.
நன்றாகத்தான் இருந்தது.
எங்களுக்கு மழை காலிலிருந்து தொடங்கும்.
கட்டை விரல், கணுக்கால், முழங்கால் என்று ஏறும்போதே
பெட்டிகளைப் பரணில் ஏற்றியாக வேண்டும்.
‘தண்ணி ஏறினா தாங்குமா?’ என்று
ஸ்டால் பையனிடம் கேட்டேன்.
டேப்லெட்டில் கொஞ்ச நேரம் தேடினான்.
‘நல்ல கேள்வி சார்’ என்றான்.

ஒன்பது மணிக்குக் கடை.
ஷட்டரைத் தாண்டுவதற்குள்
‘யாரு அண்ணாச்சி ஜெயிச்சது?’
எனக்குமுன்பே சேதி வந்து
கோலிக்குள் இரண்டு கட்சி உட்கார்ந்திருந்தது.
ரிஸ்வான் ஆரஞ்சு, அந்த நாய்க்காக.
டேனிகுமார் ஊதா, ரிஸ்வான் ஆரஞ்சு என்பதற்காக.
எனக்கு எந்தக் கட்சி என்று சொல்லத் தெரியவில்லை.
ஒருத்தன் விலை சொல்லவில்லை,
ஒருத்தி சொல்லிவிட்டாள்.
இதில் எது மரியாதை?
வடாபாவைப் பிட்டுக்கொண்டே
விலையை மட்டும் சொன்னேன்.

சத்தம் நின்றது.
டேபிள் ஃபேன் மட்டும் சுற்றியது.

மூலையில் டியூஷன் பையோடு நின்ற பிரமிளா
உதடு அசைய எதையோ வகுத்தாள்.
‘மூவாயிரத்து இருநூத்தி நாப்பத்தொம்பது அரைமணி ஆடுனா
பெட்டிக்காசு வந்துரும் அண்ணாச்சி.
ஆனா ஒரு பாதி மிஞ்சுது.
பத்து ரூபா. கால்மணி நேரம்.’

பையைக் கீழே வைத்தாள்.
நாணயம் இரண்டை மேசையில் வைத்தாள்.
இடப்பக்கம் நடக்கும் ரிமோட்டைக் கையில் எடுத்து,
வலப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தாள்.

‘அதை முதல்ல முடிச்சிருவோம்.’